ஒரு விளையாட்டும் மூன்று ஓலைகளும்

1

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, என் மகள் ஷெரின் என்னை அவளுடைய துணி அலமாரிக்குள் உட்கார வைத்தாள். குரல் பதிவு செய்ய வீட்டில் அதைவிட நல்ல இடம் இல்லையாம். வெளிச் சத்தம் உள்ளே ஏறாதாம். தலைக்கு மேல் அவளுடைய குளிர்கோட்டுகள் தொங்கின. மடியில் நான் எழுதிய தமிழ்த் தாள்கள், எதிரே ஒரு மைக். கதவைப் பாதி சாத்திவிட்டு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டு, "ம், சொல்லுங்கம்மா" என்றாள்.

நான் வாசிக்க வேண்டிய முதல் வரி இது: 'உனக்கு விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். தொடங்கிய பிறகும் சொல்லலாம்.'

வாசித்தேன். ஷெரின் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். பிறகு, "அம்மா, ஏன் சாரி கேக்குற மாதிரி சொல்றீங்க?" என்றாள்.

மறுபடி வாசித்தேன். ஏழாவது தடவையும் அப்படித்தான் வந்தது.

நான் பேசிப் பழகியவள் இல்லை. தூத்துக்குடியில் பத்தாம் வகுப்பு வரை படித்தேன். எழுந்து வாசி என்று டீச்சர் சொன்னால் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொள்வேன். திரேஸ்புரத்தில் எங்கள் கோவிலில் ஒருமுறை பூசையில் பைபிள் வாசகம் வாசிக்க என் பெயரை எழுதிவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இந்தத் துறைமுக ஊருக்கு வந்து இருபத்தொரு வருடம் ஆகிறது. ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. பிள்ளைகள் தட்டை நீட்டுவார்கள். "பீன்ஸ்?" என்பேன். தலையாட்டினால் வைப்பேன். என் வீட்டுக்காரர் முன்பு கப்பலில் எஞ்சின் ரூமில் இருந்தவர், இப்போது இங்கே துறைமுகத்தில் வேலை செய்கிறார். அவரும் அதிகம் பேச மாட்டார். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண்தான் என்னை அலமாரிக்குள் வைத்து, ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சொற்களை மைக்கில் சொல்லச் சொன்னாள்.

2

ஷெரின் கல்லூரியில் கணினி விளையாட்டு செய்யப் படிக்கிறாள். அது ஒரு படிப்பு என்று நம்பவே எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. இங்குள்ள ஒரு சுகாதார மையம் அவள் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தது. பதினெட்டு வயது தாண்டிய பெண்கள் போனில் ஆடுகிற விளையாட்டு. காதல், உறவு, கருத்தடை, தொற்று, பரிசோதனை, இதிலெல்லாம் தங்கள் முடிவைத் தாங்களே எடுத்துப் பழக வேண்டும் என்பது நோக்கம்.

விளையாட்டில் நிலா என்று ஒரு பெண். அவளுக்கு ஒரு நிலைமை வரும். கீழே மூன்று நான்கு பொத்தான்கள் இருக்கும். ஆணுறை இல்லாமல் பரவாயில்லை என்று அவன் சொல்கிறான், நிலா என்ன சொல்வாள்? ஒரு பொத்தானை அழுத்தினால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று கதை ஓடும். மார்க் கிடையாது, சரி தப்பு என்று சிவப்பு பச்சை கிடையாது. பிடிக்காவிட்டால் பின்னால் போய் வேறு பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். நிஜத்தில் பின்னால் போக முடியாது, அதனால்தான் இது விளையாட்டாக இருக்கிறது என்றாள் ஷெரின்.

பல மொழிகளில் செய்தார்கள். இங்கே வளர்ந்த தமிழ்ப் பெண்களுக்குத் தமிழ் கேட்டால் புரியும், வாசிக்க வராது. அதனால் எல்லாவற்றையும் ஒருவர் வாசித்துச் சொல்ல வேண்டும். உங்க குரல் பயமுறுத்தாது என்று ஷெரின் என்னைப் பிடித்தாள். ஆங்கிலத்தை அவள் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன். ஆணுறை என்று எழுதும்போது மட்டும் இடது கையால் தாளை மறைத்துக்கொண்டேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.

மொழிபெயர்ப்பில் எனக்கு ஏற்கனவே ஒரு கெட்ட பெயர் உண்டு. நாங்கள் இங்கு வந்த புதிதில் ஷெரின் வயிற்றில் வந்தாள். மருத்துவரிடம் பதிவு செய்யப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என்ன விஷயம் என்று கேட்டாள். கர்ப்பம் என்பதற்கு ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியும்தான். ஆனால் பதற்றத்தில் வாய்க்கு வந்தது எங்கள் ஊர்ப் பேச்சு. முழுகாம இருக்கேன் என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம். மாதவிலக்கு வந்தால்தானே தலை முழுக வேண்டும்? வரவில்லை, அதனால் முழுகவில்லை. அதை அப்படியே ஆங்கிலமாக்கி, "டூ மன்த்ஸ், நோ பாத்" என்றேன்.

அவள் முகம் இரக்கமாக மாறியது. வீட்டில் சுடுதண்ணீர் வரவில்லையா என்று கேட்டாள். எதற்கும் தலையாட்டிவிடும் பழக்கத்தில் ஆட்டினேன். ஒரு படிவம் தந்தாள். அதில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயரை எழுதுவதா, வீட்டுக்காரர் பெயரை எழுதுவதா என்று அரை மணி நேரம் தவித்து இரண்டையும் எழுதினேன். பத்து நாள் கழித்து, கருவிப்பெட்டியோடு ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டினார். பாய்லரைத் திறந்து பார்த்தார். தண்ணீர் நன்றாகச் சுடுகிறதே என்று குழம்பினார். நான் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "கங்கிராஜுலேஷன்ஸ்" என்றார். இந்த நாட்டில் ஷெரினுக்காக எனக்கு முதலில் வாழ்த்துச் சொன்னவர் பாய்லர் பழுது பார்க்க வந்தவர்தான்.

இவ்வளவு பட்ட பிறகும் விளையாட்டில் அதே சொல்லை எழுதினேன்.

3

விளையாட்டைத் தமிழ் தெரிந்த பெண்கள் சிலர் ஆடிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும் என்று மையத்தில் கேட்டார்கள். இங்கே ஆள் போதவில்லை. ஊரில் யாராவது இருந்தாலும் சரி என்றாள் ஷெரின். எனக்குத் தோன்றியது ஒரே ஆள், மெர்சி.

மெர்சி என் தங்கை ரூபியின் மகள். இருபத்து நான்கு வயது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கண்டெய்னர் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஓர் அலுவலகத்தில் வேலை. லாரி டிரைவர்களையும் அதிகாரிகளையும் சமாளித்து வாய் நன்றாக வளர்ந்திருந்தது. மே மாதக் கடைசியில் அவளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அனுப்பவா வேண்டாமா என்று நான்கு நாள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைசியில், 'ஷெரின் செய்தது. பார். அம்மாவிடம் காட்டாதே' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அவளுடைய மதியச் சாப்பாட்டு நேரம் எனக்குக் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம். மறுநாளே கூப்பிட்டாள். எடுத்ததும் சிரிப்பு.

"பெரியம்மா, அந்தப் பிள்ளைய என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

"ஏளா, யாரச் சொல்லுத?"

"நிலாவத்தான். 'நிலா முழுகாமல் இருக்கிறாள், அவள் என்ன செய்யலாம்'னு கேக்கீங்க. கீழ பாத்தா, டெஸ்ட் எடுத்துப் பார்னு ஒரு பட்டன். அதான் முழுகாம இருக்கான்னு நீங்களே சொல்லிட்டீங்களே, பெறகு என்னத்த டெஸ்ட்டு? டெஸ்ட் எடுக்கு முன்னயே அவள மாசமாக்கிட்டீங்க."

பஸ் நிறுத்தத்தில் என்னைத் தவிர மூன்று பேர். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. இருந்தாலும் போனைக் கையால் மூடிக்கொண்டு, மெதுவாகப் பேசு என்றேன். தூத்துக்குடியிலிருந்து அவள் மெதுவாகப் பேசினாள்.

நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். அதைச் சொன்னாலும் எங்கள் வீட்டில் அம்மா பாயசத்துக்கு முந்திரி எடுத்துவிடுவாள் என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எட்டு நாள் பிந்திருச்சுன்னு சொல்லுங்க. பஸ்ஸு பிந்துன மாதிரி. வரலாம், வராமலும் இருக்கலாம்" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மறுபடி அலமாரிக்குள் உட்கார்ந்து, 'நிலாவுக்கு எட்டு நாள் பிந்தியிருக்கிறது' என்று பதிவு செய்தேன். ஷெரினுக்கு வித்தியாசம் விளங்கவில்லை. அவள் எழுதிய ஆங்கிலத்தில், வரலாம், வராமலும் இருக்கலாம் என்ற அந்த இடைவெளி முதலிலேயே இருந்தது. நான்தான் தமிழில் அடைத்துவிட்டேன்.

4

அந்த வாரம் முழுக்க உருளைக்கிழங்கு வெட்டும்போதும் தட்டு கழுவும்போதும் அந்தச் சொல்தான் மனதில் ஓடியது.

எங்கள் கரையில் முழுகுவது பெரிய சொல். முத்துக் குளித்தது எனக்கு முந்திய காலம். என் அப்பா சங்கு குளித்தவர். இன்றைக்கு இத்தனை தடவை முழுகினேன், இத்தனை பாகம் ஆழத்தில் முழுகினேன் என்று அவர் வாசலில் நின்று சத்தமாகச் சொல்லுவார். பக்கத்து வீட்டுக்காரர்களும் சத்தமாகக் கேட்பார்கள். அதே வீட்டில் ஒரு பெண் முழுகவில்லை என்பதைக் கண்ணால்தான் பேசிக்கொள்வோம். கொடியில் விலக்குத் துணி காயப் போடவில்லை என்பதைப் பார்த்து மாமியார் புரிந்துகொள்வார். சம்பந்தப்பட்டவள் வாயைத் திறப்பதற்குள் ஊருக்கே செய்தி போய்விடும். அவளுக்குச் சந்தேகப்படவோ பயப்படவோ யோசிக்கவோ ஒரு நாள்கூடக் கிடைக்காது. எனக்குக் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதே இந்த வயதில், ஒரு விளையாட்டைத் தப்பாக எழுதிய பிறகுதான் உறைத்தது.

ஷெரினுக்குப் பதினேழு வயது இருக்கும்போது அவள் பெயருக்கு, கருத்தடை, பரிசோதனை எல்லாம் பார்க்கிற ஒரு கிளினிக்கிலிருந்து கடிதம் வந்தது. உறையின் மூலையில் கிளினிக் பெயர் இருந்தது. நான் பிரிக்கவில்லை. இங்கே அந்த வயதுப் பிள்ளையின் விஷயத்தைத் தாயிடம்கூடச் சொல்ல மாட்டார்கள் என்று சமையலறையில் ஒரு தோழி சொல்லியிருந்தாள். கடிதம் மூன்று நாள் மேசைமேல் கிடந்தது. நானும் அதைத் தொடாமல் மேசையைச் சுற்றிச் சுற்றிப் பெருக்கினேன். நான்காம் நாள் கடிதம் இல்லை. அவள் எடுத்துக்கொண்டாள். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அவள் முன்பின் தெரியாத நூறு பெண்களுக்குப் பேசச் சொல்லித் தருகிறாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் மட்டும் ஒரு அலமாரிக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் இருந்துதான் என்னாலும் அவளாலும் பேச முடிகிறது.

5

ஏப்ரல் கடைசியில் மெர்சி மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. ஒரு கட்டத்தை ஒன்பது தடவை ஆடிவிட்டேன் என்றாள்.

நிலா தன் காதலனிடம், இரண்டு பேரும் சேர்ந்து போய் எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனை செய்துகொள்வோம் என்று கேட்கிற கட்டம் அது. கேள், பிறகு கேள், கேட்காதே, இன்னொருவரை வைத்துக் கேள், என்று நான்கு பொத்தான்கள்.

மெர்சிக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை பெயர் ரெக்ஸ். பெரியதாழைக்காரர். கப்பலில் வேலை. ஒரு ஒப்பந்தம் முடித்து இறங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. நல்ல பையன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், மெர்சியும் சொன்னாள். அவளுக்கு அவர்மேல் சந்தேகம் ஒன்றும் இல்லை. ஆனால் தெரிந்துகொள்ளாமல் போய்ப் படுக்க மாட்டேன் என்றாள். இதே வார்த்தையில் சொன்னாள். நான் பஸ் நிறுத்தத்தின் கண்ணாடியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"பெரியம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க பெரியப்பாகிட்ட கேட்டீங்களா?"

"பஸ் வந்துட்டு" என்று சொல்லி வைத்துவிட்டேன். பஸ் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

நான் கேட்கவில்லை. ஷெரினுக்கு மூத்தவன், இப்போது வேறு ஊரில் வேலை செய்கிற என் மகன், வயிற்றில் இருந்தபோது தூத்துக்குடியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எடுக்கிற இரத்தப் பரிசோதனைதான். நர்ஸ் நல்ல மாதிரி. வீட்டுக்காரர் என்ன வேலை என்று கேட்டாள். கப்பல் என்றேன். அவள் பேனா ஒரு விநாடி நின்றது. எதற்கான பரிசோதனை என்று விளக்கிவிட்டு, எட்டு நாள் கழித்து வரச் சொன்னாள். அந்த எட்டு நாளும் நான் சோறு வடித்தேன், மீன் அலசினேன், கோவிலுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் அவர் ஏதோ துறைமுகத்திலிருந்து போன் பேசினார். எப்படி இருக்கே என்று கேட்டார். நல்லா இருக்கேன் என்றேன். எட்டாம் நாள் ஒன்றுமில்லை என்று வந்தது. அதோடு மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று வேலை முடிந்து வந்ததும் அவரிடம் மெர்சி கேட்டதைச் சொன்னேன். கேள்வியை மட்டும் சொன்னேன், எட்டு நாளைச் சொல்லவில்லை. அவர் இறால் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நீ கேட்டிருந்தா சொல்லிருப்பேன்" என்றார்.

என்ன சொல்லியிருப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை. இறால் குழம்பு வைத்தோம், சாப்பிட்டோம். மறுநாள் காலை பஸ் நிறுத்தத்திலிருந்து நானே மெர்சியைக் கூப்பிட்டேன். நான் கேக்கலளா, நீ கேளு, என்றேன்.

6

எங்கள் கோவில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், இன்னார் மகள், இன்னார் மகன், இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் உண்டென்று தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று. பெண் ஊரிலும் வாசிப்பார்கள், மாப்பிள்ளை ஊரிலும் வாசிப்பார்கள். முதல் ஓலை வாசித்த மறுநாள் மெர்சி ரெக்ஸிடம் கேட்டாள்.

கப்பலில் ஏறும்போதே மெடிக்கல் எடுத்தாயிற்று, அந்த சர்டிபிகேட்டை அனுப்புகிறேன் என்றாராம் அவர். அனுப்பியும் விட்டார். மெர்சி அதன் தேதியைப் பார்த்துவிட்டு, "இது ஏறும்போது எடுத்தது. நான் கேக்கது எறங்குன பிறகு" என்றிருக்கிறாள். எனக்கும் எடுக்கணும், ரெண்டு பேருமாப் போவோம் என்றும் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவரிடமிருந்து போன் இல்லை.

இரண்டாவது ஓலையும் வாசித்தார்கள். அன்று மத்தியானம் ரெக்ஸின் அம்மா ரூபியைக் கூப்பிட்டு, உங்க பிள்ளை என் மகனை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுதாமே என்று கேட்டுவிட்டார். அரை மணி நேரத்தில் ரூபி என்னைப் பிடித்தாள். மெர்சியிடம் கேட்டு, விளையாட்டு, என் குரல், எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இருபது வருடத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அங்கன போய் இருந்துக்கிட்டு இங்க குடியக் கெடுக்கியா என்றாள். உன் பிள்ளையத்தான் வெள்ளைக்காரி ஆக்கிட்டே, என் பிள்ளையுமா என்றாள். மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று போய்விட்டால் இரண்டு ஓலை வாசித்து நின்றுபோன பெண்ணை யார் கட்டுவான் என்றாள். கடைசியாகச் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்படி நின்றுபோன ஒருத்தியை எங்கள் தெருவில் எனக்கே தெரியும். ஊர் அவளைப் பற்றி என்ன காரணம் சொன்னது என்பதும் தெரியும். அந்த நிமிடம் இதை விட்டுவிடு என்று மெர்சியிடம் சொல்ல என் வாய் திறந்துவிட்டது.

அதற்குள் மெர்சி போனை வாங்கியிருந்தாள். என்னிடம் பேசவில்லை. அம்மாவிடம்தான் பேசினாள், எனக்கும் கேட்டது.

"ஏம்மா, இதுல தடை இருக்கான்னு ஊரு முழுக்க மூணு வாரம் கேக்கலாம். கட்டிக்கப் போறவ நான் ஒரே ஒரு தடவ கேக்கக் கூடாதா?"

ரூபி பதில் சொன்னாளா என்று தெரியவில்லை. போன் அணைந்துவிட்டது.

வியாழக்கிழமை மெர்சி அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எடுத்து, தனியாகப் பங்கு அலுவலகத்துக்குப் போனாள். மூன்றாவது ஓலையை இந்த வாரம் வாசிக்க வேண்டாம் சாமி, ஒரு வாரம் தள்ளி வையுங்கள் என்றாள். சாமியார் காரணம் கேட்டிருக்கிறார். ரெண்டு பேரும் ஒரு எடத்துக்குப் போய்ட்டு வரணும், போகாம நான் வாசிக்க விட மாட்டேன் என்றிருக்கிறாள். அவர் நோட்டில் அந்த வார ஓலைமேல் ஒரு கோடு போட்டாராம்.

அந்த நான்கு பொத்தான்களில் இது கிடையாது. தள்ளி வைப்பது என்றால் கேள்வியைத் தள்ளி வைப்பது என்றுதான் நாங்கள் எழுதியிருந்தோம். கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்று ஷெரினுக்கும் தோன்றவில்லை, அந்த மையத்தில் இருக்கிற நர்ஸுகளுக்கும் தோன்றவில்லை.

7

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கவில்லை. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. காய்ந்த துணியையே மறுபடி மடித்தேன். மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அத்தைன்னு கூப்புடவா, பெரியம்மான்னு கூப்புடவா தெரியல. நான் ரெக்ஸ் பேசுதேன்."

எதுவானாலும் சரி தம்பி என்றேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டேன். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

எங்க ஊர்லயும் இன்னைக்கு வாசிக்கல, கோவில்ல எல்லாரும் என்னையத் திரும்பிப் பாத்தாங்க என்றார். பிறகு, மெர்சி அந்த விளையாட்டை அவருக்கும் அனுப்பியிருந்தாள் என்றும், நேற்று முழுக்க அதை ஆடினார் என்றும் சொன்னார். குரல் மெலிதாக இருந்தது. அவரும் கூச்சக்காரர் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அதுல ஒரு கொற இருக்கு. சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு பட்டன் இருக்கு. அவன் மட்டும் சரிங்கான், இல்ல மாட்டேங்கான். அவ்வளவுதான். பயமா இருக்குன்னு அவனுக்குச் சொல்லத் தெரியல."

நான் என்ன பயம் என்று கேட்கவில்லை. அவரே சொன்னார். தப்பு ஒன்றும் செய்ததாக நினைவில்லை, ஆனால் ஒரு துறைமுகத்தில் கையில் அடிபட்டு ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், தையல் போட்டார்கள், அது எப்படிப்பட்ட இடம் என்று அதற்குப் பிறகு யோசிக்கவே பயந்துகொண்டிருந்தேன் என்றார். அது மட்டும்தான் காரணமா, வேறும் இருந்ததா, எனக்குத் தெரியாது. மெர்சி கேட்டதும் கோபம் வந்ததாம். கோபம்தான் சுலபமாக வருகிறது என்றார்.

அப்போது நான் பேசினேன். கப்பல் என்றதும் நின்ற பேனா, அந்த எட்டு நாள், நல்லா இருக்கேன் என்று போனில் சொன்னது, எல்லாவற்றையும் முகம் பார்த்திராத ஒரு பையனிடம் முதன்முதலாகச் சொன்னேன். சொல்லும்போது ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினேன். சமையலறை வாசலில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. நான் பேச்சை நிறுத்தவில்லை.

கேட்டு முடித்ததும் ரெக்ஸ், "எங்க போகணும்?" என்றார்.

அது விளையாட்டிலேயே இருந்தது. ஊர்க்காரர்கள் ஆடிப் பார்க்கப் போகிறார்கள் என்றதும், அரசு ஆஸ்பத்திரியில் இதற்கென்றே நம்பிக்கை மையம் இருக்கிறது, முடிவை வேறு யாருக்கும் சொல்ல மாட்டார்கள் என்பதை ஷெரினைக் கொண்டு சேர்க்கச் சொல்லியிருந்தேன். அதையே சொன்னேன். மெர்சிகிட்ட நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்க என்றும் சொன்னேன். கூப்பிட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் போனார்கள்.

8

செவ்வாய் போய்ப் புதன், வியாழன், வெள்ளி. மெர்சி கூப்பிடவில்லை. போய்ட்டு வந்துட்டோம் என்று ஒரே ஒரு செய்தி. ரூபி என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். ஷெரின் தினம் சாயங்காலம் கேட்பாள், ஏதாவது தெரிஞ்சுதாம்மா என்று. ரெக்ஸ் சொன்ன குறையைக் கேட்டு, நிலாவின் காதலனுக்கும் ஒரு பொத்தான் வைத்துவிட்டாள், 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று. அதற்கு ஆண் குரல் வேண்டும். அப்பாவை அலமாரிக்குள் உட்கார வைத்துப் பதிவு செய்தாள். ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டதாம். நான் அப்போது வேலைக்குப் போயிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெர்சி வீடியோவில் கூப்பிட்டாள். கோவிலுக்கு வெளியே நின்றிருந்தாள். காற்றில் முந்தானை முகத்தில் அடித்தது. பின்னால் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், அதில் ரூபியும் ஒரு கணம் தெரிந்தாள், போனைப் பார்த்தாள், நிற்காமல் போனாள்.

"வாசிச்சாச்சு பெரியம்மா" என்றாள் மெர்சி.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் முகத்தையே பார்த்தேன். அங்கிருந்து எதையாவது தெரிந்துகொள்ளப் பார்த்தேன். முகம் சாதாரணமாக இருந்தது. ஓலை வாசித்திருக்கிறார்கள் என்றால் ஒன்றுமில்லை என்றுதானே வந்திருக்கும்? அப்படித்தான் என்றும் இல்லை. மருந்து இருக்கிறது, தெரிந்தே கட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், என் குரல்தான் அதையும் விளையாட்டில் சொல்கிறது. கேட்டுவிடு, கேட்டுவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது.

"கேக்கணும்னு வாய் துடிக்குல்லா?" என்றாள் அவள்.

"இல்லளா."

"பொய் சொல்லாதீங்க." சிரித்தாள். பிறகு ஆட்களைவிட்டுச் சுவரோரமாக நகர்ந்து, போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"என்ன வந்துச்சுன்னு யார்ட்டயும் சொல்றதில்லன்னு ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கோம். அம்மாட்டயும் சொல்லல, அவங்க வீட்லயும் சொல்லல. நல்லதா வந்திருந்தாலும் சொல்ல மாட்டோம் பெரியம்மா. நல்லதுன்னு நாங்க சொல்லிட்டுப் போயிருவோம்னு வைங்க. நாளைக்கு இன்னொருத்தி போய் டெஸ்ட் எடுத்துட்டு வந்து வாயத் தொறக்காம இருந்தா, மெர்சி சொன்னா, நீ ஏன் சொல்ல மாட்டேங்கன்னு ஊரு அவளப் பிடிச்சுக்கிடும்லா."

அவளை யாரோ கூப்பிட்டார்கள். வாரேன் பெரியம்மா என்று வைத்துவிட்டாள்.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஷெரின் மாடியிலிருந்து இறங்கி வந்து, என்னம்மா ஆச்சு, ரிசல்ட் என்னவாம் என்றாள்.

"ஓலை வாசிச்சிட்டாங்க" என்றேன்.

"அது சரி. ரிசல்ட்?"

"அது அவங்களோடது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஷெரின் என்னைப் பார்த்தாள். அடுத்த கேள்வியை அவள் கேட்கவில்லை.